தொடக்கநிலைத் தமிழ் வாசிப்பில் எழுத்தொலியும் பொதுச்சொற்களும்: இடஞ்சார் ஒலிப்பை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

ஓரெழுத்துக்கு ஓரொலி என்னும் கொள்கையின் அடிப்படையில் தமிழ் எழுத்துகள் தொடக்கநிலை மாணவர்க்குக் கற்பிக்கப்படுகின்றன. ஆயின் வல்லின எழுத்துகளின் ஒலி, அவை சொல்லில் நிற்கும் இடத்தைப் பொறுத்து அமைவது. அரிச்சுவடியின் எடுத்துக்காட்டுச் சொற்களிலும் எழுத்துவழக்கும் பேச்சுவழக்கும் வேறுபடும் இடங்கள் உள்ளன. எழுத்தை எங்கே, எந்தச் சொல்லில், எந்த அலகாகப் பிரித்துக் கற்பிப்பது என்பதற்குத் தமிழ் இலக்கண மரபிலேயே விடைகள் உள்ளன என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. ஆங்கிலக் கல்விமுறையிலிருந்து வந்த பொதுச்சொற்பட்டியல் என்னும் கருத்து, ஒட்டுநிலை மொழியாகிய தமிழுக்கு அவ்வாறே பொருந்தாது என்பதும், அதற்கு மாற்றாகச் சுட்டு, வினாத் தொகுதிகளையும் ஒட்டுகளையும் கொள்ளலாம் என்பதும் விளக்கப்பெறுகின்றன.

திறவுச்சொற்கள்: தொடக்கநிலை வாசிப்பு, எழுத்தொலி, மாற்றொலி, அசை, மெய்ம்மயக்கம், பொதுச்சொற்கள், இரட்டை வழக்கு.

1. முன்னுரை

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 எனத் தமிழ் நெடுங்கணக்கு 247 எழுத்துகளைக் கொண்டது. இவ்வளவையும் வரிசை பிறழாமல் ஒப்பிக்கும் குழந்தை, புதிய சொல் ஒன்றைக் கண்டதும் திகைத்து நிற்பதைத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் பலரும் அறிவர். எழுத்து தெரிகிறது, வாசிப்பு வரவில்லை என்பது அவர்கள் கூறும் குறை. தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளின் அடிப்படைத் திறன்களை முதன்மைப்படுத்தியதும் இத்தகைய குறைகளைக் களையும் நோக்கினதே.

இக்குறை குழந்தையின் ஆற்றலால் நேர்வதா, கற்பித்தல் அலகைத் தெரிவு செய்ததால் நேர்வதா என்னும் வினா தமிழாய்வாளர்களுக்கும் உரியது. கற்பித்தல் அலகு எது என்பது கல்வியியல் வினாவாக மட்டும் அமைவதன்று. எழுத்து, அசை, சொல், உருபு ஆகியவற்றைப் பற்றிய இலக்கண வினாவும் ஆகும். அவ்வகையில் இக்கட்டுரை எழுத்தொலி, பொதுச்சொல் ஆகிய இரண்டையும் தமிழின் அமைப்பிலிருந்து அணுகுகிறது.

2. எழுத்தின் பெயரும் எழுத்தின் ஒலியும்

எழுத்துக்குப் பெயர் வேறு, ஒலி வேறு என்பதைத் தமிழிலக்கணம் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தது. கரம், காரம், கான் என்னும் எழுத்துச் சாரியைகளைத் தொல்காப்பியம் குறிப்பிடுகிறது. அகரம் என்பது பெயர். அ என்பது ஒலி. மெய்யெழுத்துகள் அகரத்தோடு சேர்ந்தே இயங்கும் என மொழிமரபு கூறுவதும், தனிமெய்யை ஒலித்துக்காட்டல் அரிது என்னும் உண்மையை ஒட்டியதே.

பள்ளி வழக்கில் மெய்யெழுத்துகள் ‘இக், இங், இச், இஞ்’ என இகரம் முன்வரக் கூறப்படுகின்றன. ஒற்றைத் தனித்து ஒலிக்க இயலாமையால் எழுந்த எளிய உத்தி இது. பெயர் என்ற அளவில் குற்றமற்றது. ஆனால் சொல்லை எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது இப்பெயரே ஒலியாகக் கொள்ளப்படுகிறது. ‘அம்மா’ என்பதை ‘அ, இம், மா’ என்றும் ‘பட்டம்’ என்பதை ‘ப, இட், ட, இம்’ என்றும் குழந்தை கூட்டுகிறது. கூட்டிய ஒலிகளிலிருந்து சொல்லை அடைய, இடையிடையே வந்த இகரங்களை அது தானே நீக்கிக்கொள்ள வேண்டும். முன்பே அச்சொல்லை அறிந்த குழந்தை ஊகித்துவிடும். அறியாத குழந்தை ஊகிக்க இயலாது நின்றுவிடும். எழுத்து தெரிந்தும் வாசிப்பு வராமைக்கு இது முதற்காரணம் எனலாம்.

மரபுவழிக் கல்வியில் எழுத்து சொல்லோடும் கையோடும் பிணைந்திருந்தது. திண்ணைப் பள்ளிகளில் மாணவர் மணலில் விரலால் எழுதியவாறே உரத்துச் சொல்லிப் பழகினர். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லமொன்றின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரு பெல், இந்நாட்டுப் பள்ளிகளின் மணலெழுத்து முறையைத் தம் பள்ளியில் கையாண்டு, 1797இல் இலண்டனில் நூலாகவும் வெளியிட்டார். அது ‘மெட்ராஸ் முறை’ எனப் பெயர்பெற்றது. எழுத்துப் பயிற்சியை அடுத்துப் பயிலப்பெற்ற ஆத்திசூடி அகரவரிசையில் அமைந்தது என்பதும் கருதத்தக்கது. அங்கு எழுத்து தனித்து நிற்கவில்லை. பொருளுடைய தொடரின் முதலெழுத்தாக நின்றது.

3. இடமும் ஒலியும்

வல்லினம் ஆறும் சொல்லில் நிற்கும் இடத்திற்கேற்ப ஒலிப்பு மாறுவன. திராவிட மொழிகளில் ஒலிப்பிலா ஒலியும் ஒலிப்புடை ஒலியும் இடத்திற்கேற்ப மாறிவரும் இயல்பைக் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் (1856) விதியாகவே எடுத்துக்கூறினார். இன்றைய மொழியியல் இவற்றை மாற்றொலிகள் என்று வகைப்படுத்துகிறது.

மொழிமுதல், இரட்டித்த இடம், மெல்லின ஒற்றின் பின், இரண்டு உயிர்களுக்கு இடையே எனும் நான்கு இடங்களைக் கொண்டு நோக்கலாம். ககரம் ‘கல்’, ‘பக்கம்’ ஆகியவற்றில் ஒலிப்பிலா வெடிப்பொலி. ‘தங்கம்’ என்பதில் ஒலிப்புடை வெடிப்பொலி. ‘மகன்’ என்பதில் நெகிழ்ந்த உரசொலி. தகரமும் ‘தலை, பத்து, பந்து, காது’ என அவ்வாறே மாறுகிறது. சகரம் ‘சட்டி, பாசி’ ஆகியவற்றில் பெரும்பான்மை வழக்கில் உரசொலியாகவும், ‘பச்சை’ என்பதில் தடையொலியாகவும், ‘மஞ்சள்’ என்பதில் அதன் ஒலிப்புடை வடிவாகவும் அமைகிறது. டகரமும் றகரமும் தமிழ்ச்சொற்களுக்கு முதலில் வாரா. ‘பட்டம், வண்டி, வீடு’ என டகரமும், ‘காற்று, கன்று, ஆறு’ என றகரமும் மும்மூன்று வகையாக ஒலிக்கின்றன. பகரம் ‘பல், அப்பா, பம்பரம்’ என வரும். உயிரிடையில் தனித்துவரும் தமிழ்ச்சொற்கள் அரியன.

இவ்வேறுபாடு நுண்ணிய ஆய்வுக்கு மட்டும் உரியதன்று, முதற்பாடத்திலேயே எதிர்ப்படுவது. வரிவடிவ எளிமை கருதி ட, ப, ம ஆகிய எழுத்துகளை முதலில் கற்பிக்கும் முறை வழக்கில் உள்ளது. இம்மூன்றையும் புள்ளியையும் கொண்டு ‘படம், பட்டம், மடம், மட்டம்’ ஆகிய சொற்களை அமைக்கலாம். ‘படம்’ என்பதில் டகரம் ஒலிப்புடையது; ‘பட்டம்’ என்பதில் ஒலிப்பற்றது. அட்டையில் தனி எழுத்தாகக் காட்டி ஆசிரியர் சொல்லித்தரும் ஒலி இவ்விரண்டில் ஒன்றுடன்தான் பொருந்தும். ஓரெழுத்துக்கு ஓரொலி என்னும் கொள்கை முதல் நான்கு சொற்களுக்குள்ளேயே உதவாமற்போகிறது.

எனினும் தமிழைத் தாய்மொழியாகப் பேசும் குழந்தைக்கு இம்மாற்றங்களை விதியாகக் கற்பிக்க வேண்டியதில்லை. ‘படம்’, ‘பட்டம்’ இரண்டையும் அது வழுவின்றி ஒலிக்கிறது. ஒரே எழுத்து இரு சொற்களிலும் வருகிறது என்பதைக் காட்டினாலே போதும். ஆகவே புதிய எழுத்தை அறிமுகம் செய்யும்போது, குழந்தை பேச்சில் அறிந்த சொற்களில், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் அவ்வெழுத்தைக் காட்டுதல் வேண்டும். தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பவர்க்கு நிலை வேறு. பேச்சறிவு துணைவராமையால் அவர்களுக்கு நான்கிட விதியை வெளிப்படையாகவே கற்பித்தல் தகும்.

எழுத்துகளின் இடத்தை உணர்த்தும் பெயர்களும் தமிழில் உள. ‘டண்ணகரம், தந்நகரம், றன்னகரம்’ என்னும் பெயர்கள் ண்ட, ந்த, ன்ற என்னும் மயக்கங்களைத் தம்முள்ளேயே கொண்டுள்ளன. ‘மூன்று சுழி, இரண்டு சுழி’ என்பன வடிவத்தை மட்டும் உணர்த்தும் பெயர்கள். முன்னையவை எழுத்து எங்கே வரும் என்பதையும் உணர்த்துகின்றன. ‘வண்டி’ என்பதில் ஏன் ண், ‘பந்து’ என்பதில் ஏன் ந், ‘கன்று’ என்பதில் ஏன் ன் என்பதற்கு இப்பெயர்களே விடை. மெய்ம்மயக்க அறிவு இவ்வாறு வாசிப்புக்கும் பிழையற்ற எழுத்துக்கும் ஒருசேரப் பயன்படுகிறது.

4. அசை என்னும் வாசிப்பு அலகு

இகரம் முன்வரும் மெய்ப்பெயர்களால் நேரும் இடர்ப்பாட்டைத் தீர்க்க யாப்பிலக்கணத்தின் அசைக்கோட்பாடு துணைசெய்கிறது. குறில், குறிலொற்று, நெடில், நெடிலொற்று என நேரசை நால்வகைப்படும். ஒற்றுக்குத் தனி அலகு இல்லை. அது தனக்கு முன்னுள்ள உயிரோடு அல்லது உயிர்மெய்யோடு சேர்ந்தே இயங்கும். இதனை வாசிப்புக்குப் பொருத்தினால் ‘அம்மா’ அம், மா என்றும், ‘பட்டம்’ பட், டம் என்றும், ‘தங்கம்’ தங், கம் என்றும் பிரியும். பிரித்த ஒலிகளைச் சேர்த்தால் சொல் அப்படியே கிடைக்கிறது. நீக்க வேண்டிய ஒலி எதுவும் இல்லை.

நிரையசையில் யாப்பும் வாசிப்பும் வேறுபடும். ‘மரம்’ யாப்பில் ஒரு நிரையசை. தொடக்கநிலை வாசிப்பில் அது ம, ரம் என இரண்டாகவே பிரிக்கத்தக்கது. எனவே நேரசையின் நால்வகை வடிவங்களை மட்டும் வாசிப்பு அலகாகக் கொள்வது பொருந்தும்.

கன்னடச் சிறுவர்களின் வாசிப்பை ஆராய்ந்த சோனாலி நாக், உயிர்மெய் வகை எழுத்துமுறைகளில் எழுத்துகளை முழுமையாகக் கற்கத் தொடக்கக்கல்வியின் பல ஆண்டுகள் தேவைப்படுகின்றன என்பதையும், எழுத்தினுள் அடங்கிய தனி ஒலியன்களை உணரும் திறன் மெல்லவே வளர்கிறது என்பதையும் காட்டியுள்ளார் (2007). தமிழும் அத்தகைய எழுத்துமுறையே ஆதலின், தனி ஒலியனினும் அசையை முதல் அலகாகக் கொள்வது குழந்தையின் வளர்ச்சிக்கு இயைந்தது எனக் கருதலாம்.

வரிவடிவச் சுமையும் ஒரே தன்மையதன்று. ஆகாரம், எகரம், ஏகாரம், ஐகாரம் முதலியவற்றின் குறியீடுகள் மெய்யுருவிலிருந்து பிரிந்து நிற்பதால் ஒருமுறை கற்றால் எல்லா மெய்க்கும் பொருத்தலாம். பெரியார் குடிஅரசு இதழில் 1935இல் கைக்கொண்டு, தமிழ்நாடு அரசு 1978இல் ஆணையாக்கிய சீர்திருத்தம் ணா, றா, னா, லை, ளை முதலிய பதின்மூன்று எழுத்துகளை இவ்வொழுங்கின்கீழ்க் கொணர்ந்தது. உகர, ஊகார உயிர்மெய்கள் 36 இன்னும் மெய்யுருவோடு ஒன்றியே நிற்கின்றன. இவற்றைச் ‘சு, பு, யு, வு’ என்றும் ‘டு, மு, ரு, ளு’ என்றும் ‘ணு, து, நு, லு’ என்றும் வடிவொப்புமையால் தொகுத்துக் கற்பித்தலே சுமையைக் குறைக்கும் வழி.

5. பொதுச்சொல் என்னும் கருத்து

எட்வர்ட் டோல்ச் 1936இல் வெளியிட்ட 220 சொற்களின் பட்டியல் ஆங்கில வாசிப்புக் கல்வியில் பெரும் செல்வாக்குப் பெற்றது. பெயர்ச்சொற்களை விலக்கி, எந்நூலிலும் மிகுதியாகப் பயிலும் சொற்களை அது தொகுத்தது. அச்சொற்களைப் பார்த்தவுடன் சொல்லப் பழக்குவது அதன் நோக்கம். ஆங்கிலத்தில் இதற்குத் தேவை உண்டு. ‘வன்’ என ஒலிக்கும் ஆங்கில எண்ணுப்பெயர் ஓ, என், இ என்னும் மூன்று எழுத்துகளால் எழுதப்படுகிறது. அவற்றுள் எதுவும் வகர ஒலிக்கு உரியதன்று. எழுத்துக்கூட்டி அடைய இயலாத சொல்லை நினைவிற்கொள்ளத்தான் வேண்டும். அத்தகைய சொற்களுங்கூட எழுத்தையும் ஒலியையும் இயன்றவரை பிணைப்பதனாலேயே நினைவில் நிலைபெறுகின்றன என்பது லினியா எஹ்ரியின் ஆய்வுகள் உணர்த்தும் கருத்து.

இப்பட்டியலை மொழிபெயர்த்துத் தமிழ் வகுப்பறைக்குக் கொணர்வது இருவகையில் பொருந்தாது. முதலாவது, தமிழ்ச்சொற்களுள் பெரும்பாலானவை எழுத்துக்கூட்டி அடையத்தக்கவை. இரண்டாவது, ஆங்கிலத்தில் தனிச்சொல்லாக நிற்கும் இலக்கணக்கூறுகள் பல தமிழில் ஒட்டுகளாக வருகின்றன. ‘மரம்’ என்னும் சொல்லை வடிவாக மட்டும் நினைவிற்கொண்ட குழந்தைக்கு ‘மரத்தில், மரத்தை, மரங்கள்’ ஆகியவை புதிய சொற்களே. ‘வீடு’ என்பது ‘வீட்டில்’ என்றாகும்போது எழுத்தும் ஒலியும் ஒருங்கே மாறுகின்றன. ஆகவே முழுச்சொல்லை மட்டுமன்றி -கள், -ஐ, -இல், -உக்கு, -உம், -கிறது முதலிய ஒட்டுகளையும் பார்த்தவுடன் அறியும் அலகுகளாகப் பழக்க வேண்டும். பெயரொன்றைக் கொடுத்து, அதனோடு இவ்வொட்டுகளை மாற்றி மாற்றிச் சேர்த்துப் படிக்கச் செய்வது எளிய பயிற்சி.

தமிழின் மிகப் பொதுவான தனிச்சொற்களும் தம்முள் ஒழுங்குடையவை. ‘அது, இது, எது’, ‘அவன், இவன், எவன்’, ‘அங்கே, இங்கே, எங்கே’, ‘அப்போது, இப்போது, எப்போது’ ஆகியன சுட்டெழுத்துகளாலும் வினாவெழுத்தாலும் வேறுபடுவன. அ, இ, எ ஆகிய மூன்று உயிர்களைக் கற்ற குழந்தை ஓர் அடிவடிவத்தை அறிந்தால் மூன்று சொற்களைப் படிக்க இயலும். இவற்றைத் தனித்தனி அட்டைகளாகக் கலைத்துப்போட்டு மனப்பாடம் செய்விப்பது, மொழியே தரும் ஒழுங்கை மறைப்பதாகும்.

6. மூவகைச் சொற்கள்

தொடக்கநிலைச் சொற்களை எழுத்துக்கும் குழந்தையின் பேச்சுக்கும் உள்ள உறவைக் கொண்டு மூன்றாக வகுக்கலாம்.

முதல்வகை, எழுத்தும் பேச்சும் ஏறத்தாழ ஒத்தவை: கல், பால், காது, மாடு, பாட்டு, அப்பா. முதற்பாடங்கள் இவற்றால் அமைதல் வேண்டும்.

இரண்டாம்வகை, எழுத்திலிருந்து பேச்சு ஒழுங்காக விலகுபவை. ‘ஒன்று, மூன்று’ என்பன தமிழகப் பேச்சில் ‘ஒண்ணு, மூணு’ எனவும், யாழ்ப்பாணப் பேச்சில் ‘ஒண்டு, மூண்டு’ எனவும் வழங்குகின்றன. ‘காற்று, நேற்று’ என்பன ‘காத்து, நேத்து’ ஆகின்றன. இவற்றை ஒன்றிரண்டாகச் சிதறவிடாமல் ன்று, ற்று என்னும் தொகுதிகளாகக் கற்பித்தால் விலகலின் ஒழுங்கு புலப்படும்.

அரிச்சுவடிகளில் இகரத்திற்கு ‘இலை’யும் உகரத்திற்கு ‘உரல்’லும் காட்டப்பெறுவது இவ்விடத்தில் மறு ஆய்வுக்குரியது. முதலசையில் வரும் இகர, உகரங்கள், அடுத்துத் தனிமெய்யோடு கூடிய அகரமோ ஐகாரமோ வரும்போது, பேச்சில் எகர, ஒகரமாகத் திரிவது பரவலான வழக்கு. இலை ‘எலை’ என்றும், உரல் ‘ஒரல்’ என்றும் ஒலிக்கின்றன. படத்தைப் பார்த்துத் தான் அறிந்த சொல்லைக் கூறும் குழந்தை இகரத்தின் இடத்தில் எகரத்தைக் கேட்கிறது. சில பக்கங்கள் கடந்து ‘எலி’ என்னும் சொல்லுக்கு எகரம் காட்டப்பெறும்போது குழம்புகிறது. ‘இட்லி, இஞ்சி’, ‘உப்பு, உச்சி’ ஆகியவற்றில் இத்திரிபு நிகழ்வதில்லை. அறிமுகச் சொற்களாக இவற்றைக் கொண்டு, ‘இலை’யைப் பின்னர்க் கற்பித்தால் இக்குழப்பம் நீங்கும்.

மூன்றாம்வகை, இடவிதிக்கு அடங்காத பிறமொழிச் சொற்கள். ‘பஸ், பலூன்’ ஆகியவற்றின் முதலில் பகரம் ஒலிப்புடன் வருகிறது. ‘டீ, டம்ளர்’ ஆகியவற்றின் முதலில் டகரமே வருகிறது. ‘பயம், பூமி, குணம்’ ஆகியவற்றின் முதலெழுத்தைப் பலர் ஒலிப்புடையதாகவே கூறுவர். ‘பாவம்’ என்னும் ஒரே எழுத்துவடிவம் தீவினையையும் மெய்ப்பாட்டையும் இருவேறு ஒலிப்பில் உணர்த்துகிறது. எழுத்திலிருந்து ஒலியை உறுதிசெய்ய இயலாத இச்சொற்களே, நினைவில் நிறுத்தவேண்டியவை என்ற பொருளில், தமிழின் பார்வைச்சொற்கள். அன்றாட வாழ்வில் இவை மிகுதி. ஆதலின் விலக்க இயலாது. எழுத்தொலிப் பயிற்சிக்கு எடுத்துக்காட்டாக இவற்றைக் கொள்ளாது, தனித்தொகுதியாகக் கற்பித்தல் முறை.

7. பிழையும் வழக்கும்

இவ்வகைப்பாடு மதிப்பீட்டுக்கும் இன்றியமையாதது. ‘காற்று’ என அச்சிட்டிருப்பதைக் ‘காத்து’ எனப் படிக்கும் குழந்தை, எழுத்தை உணர்ந்து, பொருளை அடைந்து, தன் வழக்கில் ஒலித்திருக்கிறது. அதனையே ‘காட்டு’ எனப் படிக்கும் குழந்தை எழுத்தைத் தவறவிட்டிருக்கிறது. இரண்டையும் ஒரே பிழையாகக் குறித்தால் முதற்குழந்தை வாசிக்கத் தெரியாதவர் பட்டியலில் சேர்ந்துவிடும். தன் வீட்டுப்பேச்சே தவறு என அது எண்ணத் தொடங்குவது அதனினும் பெரிய இழப்பு.

விலகல் ஒழுங்குடையதா, பொருள் கெடாமல் நிற்கிறதா என்னும் இரு வினாக்களால் வழக்கையும் பிழையையும் பிரித்தறியலாம். இரண்டுக்கும் ‘ஆம்’ என்பது விடையாயின், வாசிப்பில் அதனை ஏற்று, எழுத்துப்பயிற்சியில் எழுத்துவழக்கை நிலைநாட்டினால் போதும். இதற்கு ஆசிரியர் தம் மாணவரின் வட்டார வழக்கை அறிந்திருத்தல் வேண்டும். வட்டார வழக்குகளைத் தொகுத்தும் விளக்கியும் வரும் தமிழாய்வு தொடக்கப்பள்ளிக்கு நேரே பயன்படும் இடம் இது.

8. முடிவுரை

தமிழ் எழுத்தின் ஒலி அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது. ஆதலின் தனி எழுத்தட்டையை விட, அறிந்த சொல்லின் பல இடங்களே எழுத்தொலியைக் கற்பிக்க ஏற்றவை. மெய்யை இகரம் சேர்த்துக் கூட்டுவதற்கு மாறாக, ஒற்றோடு கூடிய நேரசை வடிவங்களை வாசிப்பு அலகாகக் கொள்ளலாம். பொதுச்சொற்கள் என்னும் கருத்தைத் தமிழில் சுட்டு, வினாத் தொகுதிகளாகவும் ஒட்டுகளாகவும் விரித்துக் கொள்ள வேண்டும். பிறமொழிச் சொற்களையும் பேச்சிலிருந்து விலகும் சொற்களையும் அவற்றின் இயல்பறிந்து தனித்தனியே வைத்துக் கற்பிக்க வேண்டும்.

எழுத்துச் சாரியை, மெய்ம்மயக்கம், அசை, சுட்டு ஆகிய இலக்கணக் கோட்பாடுகள் உயர்கல்வியில் மட்டும் பயிலப்பெறுவன என்னும் எண்ணம் பரவியுள்ளது. இவை குழந்தைக்குக் கற்பிக்கப்பட வேண்டியவை அல்ல. குழந்தைக்குக் கற்பிக்கும் பாடத்தை அமைப்போர் அறிந்திருக்க வேண்டியவை. தொடக்கநிலைப் பாடநூற்குழுக்களில் கல்வியியலாரோடு இலக்கண அறிஞரும் மொழியியலாரும் இணைந்து, அரிச்சுவடியின் எடுத்துக்காட்டுச் சொற்களை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதே இவ்வாய்வு முன்வைக்கும் முதற்பணி.